சுண்டலில் நின்ற ரயில்

என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளிடம் ஒரு கோளாறு உண்டு. சந்தேகப்பட வேண்டிய ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சந்தேகப்படுவோம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பூந்தமல்லி பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு திரும்பியவள் நான். (மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.)

கோவில்பதாகையில் எங்கள் ஃப்ளாட்டில் கொலு வைத்தால், படிகளுக்குக் கீழே பூங்கா இருக்காது. ரயில் நிலையம் இருக்கும். என் கணவர் செந்திலின் பொம்மை ரயில்கள். நடுவில் அவரே செய்த வட்ட மேடை. எஞ்சினை அதில் ஏற்றி சுவிட்சைத் தட்டினால், மெல்லச் சுற்றி, வந்த பக்கமே திருப்பி நிறுத்தும். அந்த வருடம் எங்கள் ஐந்து வயது நிலா மாடி மாடியாக ஏறி, "எங்க வீட்ல ரயில் தானா திரும்பும்" என்று எல்லோரையும் அழைத்துவிட்டாள். அவர்கள் வரவேண்டிய அன்று காலை பார்த்து மேடை நின்றுவிட்டது. அலுவலகத்திலிருந்த செந்திலுக்குப் போன் செய்தேன்.

"தொடாத. நைட் வந்து பாக்குறேன்."

"குழந்தை ஊரையே கூப்பிட்டிருக்கா! சாயந்திரம் அவ மூஞ்சிய யாரு பாக்கறது?"

"சரி, அப்போ பாத்துத் தொடு."

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். (படித்தேன், தொட்டதில்லை.) மேடையைக் கவிழ்த்துப் பார்த்தால், மோட்டார் அச்சில் என் தலைமுடி, ஒரு குட்டி சவுரி அளவுக்கு. நிலா பிறந்ததிலிருந்து கொட்டியதெல்லாம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. பிய்த்து எடுத்தேன். மேடை சுற்றியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் எஞ்சின் திரும்புவதற்குள் வந்தவர்கள் சுண்டலைத் தின்று வீட்டுக்கே போய்விடுவார்களே! நிலாவின் உடைந்த ரிமோட் காரிலிருந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள் வேண்டாத பாகங்களாகி டப்பாவுக்குள் போயின. மேடை ஜம்மென்று சுற்றியது. தீப்பிடிக்குமோ, ஷாக் அடிக்குமோ என்று திரும்பத் திரும்பச் சோதித்தேன். எஞ்சினை மட்டும் ஏற்றிப் பார்க்கவில்லை. கீறல் விழுந்துவிட்டால்?

மாலையில் கீழ்வீட்டு மல்லிகா அக்கா, குழந்தைகளுக்கு முன்னால் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"உங்கம்மாவா ரிப்பேர் பண்ணிச்சி? பரவால்லியே!"

நிலா பெருமையோடு எஞ்சினை வைத்து சுவிட்சைத் தட்டினாள். முதல் சுற்றில் எஞ்சின் மேடையில் இருந்தது. இரண்டாவது சுற்றில் இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் தலையைத் தட்டிவிட்டு, சுண்டல் தாம்பாளத்தில் போய்ப் புதைந்தது. தலை மல்லிகா அக்காவின் மடியில் விழுந்தது. விழுந்தும் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னாம்மா இது, கொலு பாக்க வந்தா குண்டு போடுற?"

நான் நிலாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னொரு தடவ!" உடனே எல்லாக் குழந்தைகளும் கத்தின. நிலா கொண்டைக்கடலைக்குள்ளிருந்து எஞ்சினைத் தோண்டி எடுத்து, தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

"எங்கம்மா பண்ணது!"

செந்தில் மறுநாளே பல்சக்கரங்களை மாட்டிவிட்டார். இப்போது மேடை ஒழுங்காக, மெதுவாகச் சுற்றுகிறது. குழந்தைகள் கொட்டாவி விடுகிறார்கள். மல்லிகா அக்கா மட்டும் ஒவ்வொரு கொலுவிலும், "இந்த வாட்டி யாரு கை வச்சது?" என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறார். அப்போதும், நான் சுவிட்ச் பக்கம் கை நீட்டினால் போதும், சுண்டலைத் தட்டால் மூடிவிடுகிறார்.