வசந்தி படித்தாள், ராமாத்தா வந்தாள்

படுக்கப் போகச் சொன்னதும் ஒரு குழந்தை எதிர்த்துப் பேசாமல் உடனே கண்ணை மூடிக்கொண்டால், பெற்றவள் தன் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இது எனக்கு இப்போது தெரிகிறது. தெரிய வேண்டிய காலத்தில் தெரியவில்லை. அந்தக் காலத்தில் உலகத்தில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டேன், என் வயிற்றில் பிறந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

சந்தேகம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. பாலைக் காய்ச்சும்போது யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று முணுமுணுப்பேன். (கறந்தது நான்தான்.) வேலந்தாவளம் மாட்டுச் சந்தையிலிருந்து என் வீட்டுக்காரர் எருமை வாங்கி வந்தால், அது எருமைதானா என்று ஒரு சுற்று சுற்றிவந்து பார்ப்பேன். ‘சம்சயக்காரி’ என்று எனக்குப் பெயரே வைத்திருந்தார் அவர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற ஊரில் இது ஒரு தொந்தரவு, பெண்டாட்டியைத் திட்ட இரண்டு மொழியிலும் சொல் கிடைத்துவிடும்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. மழைக்கு ஓடி வெயிலுக்குக் காய்கிற சின்ன ஓடை. இந்தக் கரை கேரளம், அந்தக் கரை தமிழ்நாடு. எழுபதுகளில் அந்தக் கரை அரிசி இந்தக் கரைக்கு வரக்கூடாது என்று சட்டம். ஆனால் இருட்டினால் அரிசி தலைச்சுமையாக ஏறி நடந்து வந்துவிடும். சோதனைச் சாவடிக்காரர்கள் இல்லாத நேரம் பார்த்து, பள்ளத்தோரத்து வீடு ஏதோ ஒன்றிலிருந்து விளக்கை மினுக்கிச் சைகை கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அதனால் பள்ளத்தைப் பார்த்த ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தாலே அந்த வீட்டைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆள் நான்.

இனி என் மகள் வசந்தி. அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கதைப் புத்தகம் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குப் பசி, தாகம் எல்லாம் போய்விட்டது. படுத்துக்கொண்டு படிக்க வேண்டும், படித்துக்கொண்டே தூங்க வேண்டும், அதுதான் ஆசை. நான் ஒரே பிடியாக முடியாது என்றேன். படுத்துக்கொண்டு படித்தால் கண் போகும், விளக்கு சாய்ந்தால் வீடு போகும், ராத்திரியில் கதை படித்தால் தூக்கம் போகும். இதற்கெல்லாம் எனக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. என் குரல்தான் ஆதாரம்.

“படிச்சுட்டுப் போறா, உடு புள்ள,” என்றார் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொன்னதாலேயே கூடாது என்று முடிவு செய்தேன்.

வசந்தி அழவில்லை. முகத்தைக் கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. “செரிங்கம்மா” என்று சொல்லி, சோறு உண்டதும் மச்சுக்குப் போய் ஜன்னலோரம் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். மச்சு என்பது மரப்படி ஏறிப் போகிற மேல் அறை. அங்கே கரண்டு கிடையாது. நான் அடிக்கடி ஏறிப் போய்ப் பார்ப்பேன். பிள்ளை அசையாமல் படுத்திருக்கும், குறட்டை வேறு கேட்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை எதற்கு நாட்டாமைக்காரர் மாதிரி குறட்டை விட வேண்டும் என்று யோசித்திருக்கலாம். நானோ, என்ன அருமையாக வளர்த்திருக்கிறேன் என்று பூரித்துப்போய் இறங்கி வருவேன். இறங்கியதும் சமாதானமில்லாமல் மறுபடி ஏறுவேன்.

அதே மச்சில் இன்னொரு மூலையில் என் கொழுந்தனார் பழனிச்சாமி படுப்பார். வீட்டுக்காரரின் தம்பி. மாமனார் மாமியார் இல்லாத வீடு என்பதால் அவருக்குக் கல்யாணம் செய்து வைக்கிற பொறுப்பு எங்களுடையது. வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போய், கடைசியில் வாளையார்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனிதர் உப்பில்லாத குழம்பைக் கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லி உண்டார். வாயே திறக்காதவர், “அவிய எப்பங்க அண்ணி வர்றாங்க?” என்று கேட்டுக்கேட்டே என் காதைப் புண்ணாக்கிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு வேலை எங்கே தெரியுமா? சாவடியில். அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கிற சாவடியில்.

இந்த நேரத்தில்தான் டார்ச் விவகாரம் ஆரம்பித்தது. கொழுந்தனார் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது எடுத்துப் போகிற டார்ச்சுக்கு மாதத்துக்கொரு தரம் பேட்டரிக் கட்டை மாற்றினால் போதும். இப்போது வாராவாரம் சந்தையிலிருந்து புதுக் கட்டை வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டால் தலையைச் சொறிந்தார். என்னிடம் தலையைச் சொறிந்தால் விடுவேனா?

ஒருநாள் இருட்டியதும் மாட்டுக்குத் தீவனம் போடக் கட்டுத்தரைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் மச்சு ஜன்னலில் மங்கலாக வெளிச்சம். தொண்டையைச் செருமினேன். வெளிச்சம் அணைந்தது. மூச்சுக் காட்டாமல் நின்றேன். வெளிச்சம் வந்தது. அடிமேல் அடி வைத்து வீட்டுக்கு வந்து படியில் கால் வைத்தேன், மேலே இருட்டு, குறட்டை. கொழுந்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுபடி கட்டுத்தரைக்கு வந்து பார்த்தால் வெளிச்சம் இருந்தது. அது மட்டுமா, பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு வெளிச்சம் மினுங்கிப் பதில் சொன்னது.

சைகை கொடுக்கிற வீடு எது என்று ஊரெல்லாம் தேடினேனே, அது என் வீடுதானா? சைகை கொடுக்கிறவர் என் கொழுந்தனாரா? பகலெல்லாம் பசு மாதிரி இருக்கிற ஆளை நம்பவே கூடாது என்று நான் முன்பே நினைத்திருக்கிறேன். (எதிர்த்துப் பேசுகிறவர்களையும் நம்பக்கூடாது என்று நினைத்திருக்கிறேன்.) வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார். அவர் மேலும் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

பெண்ணின் அப்பா நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்தார். கடைசி பஸ்ஸுக்கு வந்து, ராத்திரி எங்கள் வீட்டில் தங்கி, விடியற்காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. உயரமான மனிதர், மீசை, அளந்து பேசுகிற பேச்சு. கொழுந்தனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கத் தெரியாமல் நின்றார். எனக்கு ஒரே வேண்டுதல்தான், இந்த மனிதர் கண்ணில் அந்த வெளிச்சம் படக்கூடாது. பட்டால் பெண்ணும் கிடைக்காது, கொழுந்தனாரும் வீட்டில் இருக்க மாட்டார்.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? காவல் காத்தேன். விருந்துக்குப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்புட்டு ஒன்றைக் கல்லில் போடுவேன், மச்சுக்கு ஓடுவேன். இருட்டாக இருக்கும். இறங்கி வந்து ஒப்புட்டைத் திருப்பிப் போடுவேன். புழக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஜன்னலில் வெளிச்சம். கொழுந்தனார்தான் வாசலில் விருந்தாளியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அப்புறம் மேலே யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சந்தேகப்படுகிற அவசரத்தில் யோசிக்க எங்கே நேரம்? திரும்ப ஏறினேன், திரும்ப இறங்கினேன். அன்றைக்குச் சுட்ட ஒப்புட்டெல்லாம் ஒரு பக்கம் கருகியே இருந்தது.

விருந்தாளி உண்டு முடித்து, கை கழுவப் புழக்கடைத் தொட்டிக்கு வந்தார். வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் ஊற்றினார். கொழுந்தனார் துண்டை ஏந்திக்கொண்டு நின்றார். அப்போது வேலிப் பக்கம் சரசரவென்று சத்தம். சந்தையில் கீரை விற்கிற ராமாத்தா தலையில் ஒரு மூட்டையோடு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மூட்டைகளோடு இன்னும் சில பெண்கள். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

ராமாத்தா என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ஏனுங்கம்மிணி, இன்னைக்கு என்னுங்க இத்தன அவசரமாக் கூப்புட்டு உட்டீங்க? எப்பவும் மெதுவா மினுக்குவீங்க, நாங்களும் வேலியோரமாப் போயிக்குவம். இன்னைக்குப் பட்டுபட்டுனு மினுக்கவும், ஊட்டுக்கே வரச் சொல்றீங்களாட்ட இருக்குதுன்னு ஓடியாந்தமுங்க.”

விருந்தாளியின் கையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? அந்த இடத்தில் புத்தியுள்ள பெண் வாயை மூடிக்கொண்டிருப்பாள். நான், என் பேரைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரத்தில், கொழுந்தனாரைக் கைகாட்டி, “இவருதானுங்க. எனக்கு அப்பவே சம்சயமுங்க,” என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது. புதுச் சட்டையோடு, கையில் துண்டோடு, அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ அதுவே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பெண்ணின் அப்பா கையைத் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். “அப்ப நான் கிளம்பறனுங்க,” என்றார். கடைசி பஸ் போய்விட்டது, எப்படிப் போவீர்கள் என்று வீட்டுக்காரர் தடுத்தார். நடந்தே போவேன் என்றார் அவர்.

அந்த நேரத்தில் மரப்படி கிறீச்சிட்டது. வசந்தி இறங்கி வந்தாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கதைப் புத்தகம். விட்ட இடம் தவறாமலிருக்க விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்திருந்தாள். நேராக அந்த மீசைக்காரரிடம் போய் நின்றாள்.

“சித்தப்பா இல்லீங்க, நானுங்க. சித்தப்பா எனக்குப் படிக்க டார்ச்சுக் குடுத்தாங்க. ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கிட்டனுங்க. அம்மா மேல வந்தா அணச்சுக்குவன், கீழ போனாப் போட்டுக்குவன்.”

அவர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். கதையில் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“தெரியலீங்க. இன்னும் ரண்டு பக்கம் இருக்குது. அம்மா இன்னைக்கு வந்துட்டே இருந்தாங்க, படிக்கவே முடியலீங்க.”

அந்த மனிதர் சாவடி வேலைக்காரர், வாயால் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறவரல்ல. பிள்ளையை மச்சுக்குப் போய்ப் படுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, “அம்மிணி, நீங்க ஒருக்கா ஏறி இறங்குங்க,” என்றார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். கீழே தொட்டியடியில் ஒரு கூட்டமே அண்ணாந்து நின்று என் வீட்டு ஜன்னல் அணைவதையும் எரிவதையும் பார்த்தது. ராமாத்தா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

“இதேதானுங்க,” என்றாள் அவள். “ஆனாக் கொஞ்சம் முந்தி இன்னும் வேகமா மினுங்குச்சு.”

“அது ஒப்புட்டு கருகுதுன்னு ஓடுனதுங்க,” என்றார் என் வீட்டுக்காரர். கட்டின பெண்டாட்டிக்கு அவர் செய்த உதவி அவ்வளவுதான்.

ஆக, ஊரெல்லாம் தேடிய ஆள் நான்தான். எத்தனையோ நாளாகப் படியேறி இறங்கி, பாதை சுத்தம் என்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சைகை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராமாத்தாவுக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. “ஏனுங்க, நீங்க ஆருங்க?”

“சாவடிங்க,” என்றார் அவர் மரியாதையாக.

அடுத்த நிமிஷம் புழக்கடையில் அவர்களில் ஒரு பெண் கூட இல்லை. ராமாத்தாவின் மூட்டை மட்டும் இருந்தது. விடியற்காலையில் அதை அவர், பள்ளத்தோரம் கேட்பாரில்லாமல் கிடந்ததாகச் சொல்லி ஒப்படைத்துவிடுவதாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். (ஒப்படைத்தாரா? நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டில் போட்ட சோறு ரொம்ப நன்றாக இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.)

ஆமாம், நிச்சயம் நடந்தது. குழந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகக் கெட்ட பேர் வாங்கிக்கொள்கிறவன் தன் மகளைக் கைவிட மாட்டான் என்று அந்த மனிதர் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மச்சுல ஒரு நல்ல வெளக்கா வெச்சுக் குடுங்க. புள்ள தூங்கற வரைக்கும் எரியட்டும். மினுங்கக் கூடாது. அது எங்களுக்குத்தான் சிரமம்.” படுக்கையில் படிக்கலாம் என்று சர்க்கார் ஆளிடமே உத்தரவு வாங்கிய பிள்ளை இந்த மாவட்டத்தில் என் வசந்தி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் கொழுந்தனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் தலையைச் சொறிந்தார். “இனி சம்சயம் வந்தா எங்கிட்டயே கேளுங்கண்ணி,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

போன மாதம் கோயம்புத்தூரில் வசந்தி வீட்டில் இருந்தேன். சோறு உண்டு முடித்து மாடிக்கு ஏறினேன், அவள் மகன் அறையில் வெளிச்சம் பட்டென்று அணைந்தது. உள்ளே குறட்டை. இறங்கினேன். வெளிச்சம் வந்தது. பழைய ரத்தம் கேட்கவில்லை, மறுபடி ஏறப் படியில் கால் வைத்தேன்.

அடுக்களையிலிருந்து வசந்தியின் குரல் வந்தது.

“அம்மா, ஏறாதீங்க. அரிசி நெறைய இருக்குது.”