வீடு வீடாக வந்தவர்

பிரச்சார வேனின் ஜன்னலில் வெள்ளைக் கையுறையை ஆட்டிக்கொண்டிருந்த வேட்பாளர் தெத்சுவோவை இசோபேம்மா கண்டுகொள்ளவே இல்லை. தன் பேரிக்காய்த் தோட்டத்து வேலியோரம் நின்று, அவனுக்குப் பக்கத்திலிருந்த காலி சீட்டைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"அப்பாவும் கூடவே வந்திருக்காரே. சந்தோஷம்."

அப்பா கன்ஜிரோ கிரியாமா, எட்டு முறை மேயராக இருந்தவர், போன மாதம்தான் செத்துப்போனார். அவர் விட்டுப்போன நாற்காலிக்குத்தான் இந்தத் தேர்தல். டோக்கியோ வேலையை உதறிவிட்டு வந்திருந்த தெத்சுவோவுக்குத் தோற்றால் போக்கிடம் இல்லை.

"கஜி அண்ணே, ஊரே அப்பாவைத்தான் நினைச்சிட்டிருக்கு. என்னை யாருக்கும் தெரியல."

பிரச்சாரத்தை நடத்திய கஜி சிரித்தார். "நினைக்கட்டும் தம்பி. ஓட்டுச் சீட்டுல அவங்கதானே கையால பேர் எழுதணும்? அப்பாவை நினைச்சு 'கிரியாமா'ன்னு எழுதினாலும் ஓட்டு உனக்குத்தான். நிக்கிற கிரியாமா நீ ஒருத்தன்தானே."

அன்று மதியத்திலிருந்து ஒலிபெருக்கியில் தெத்சுவோ காணாமல் போனான். "கிரியாமா, கிரியாமா" என்று மட்டும் மலையெல்லாம் எதிரொலித்தது. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

கூப்பிட்டால் வராமல் இருப்பாரா?

"நேத்து உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு" என்றார் முடிதிருத்துபவர். "வாசல்லயே பேசிட்டுப் போயிட்டாரு."

மீன்கடையிலும் அதே கதை. அடுத்த தெருவிலும் அதே.

"என்ன பேசினாரு?"

"தேர்தல் விஷயம்தான். அது எங்களுக்குள்ள."

தெத்சுவோ அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினான். அலமாரியில் எடுத்து வைத்திருந்த அப்பாவின் பூட்ஸ், ஈரச் சேற்றோடு வாசலைப் பார்த்தபடி தரையில் நின்றன.

"சம்பளம் கேக்காத ஆளு, வரட்டுமே" என்றார் கஜி.

ஆனால் வந்தது கான்ஸ்டபிள் சுகுதா.

"வீடு வீடாப் போய் ஓட்டுக் கேக்கறது நம்ம நாட்டுச் சட்டப்படி குத்தம்னு தெரியுமில்ல? குடும்பத்து ஆளு பண்ணினா நீ ஜெயிச்சாலும் செல்லாமப் போயிடும்."

"அவர் செத்துட்டாருங்க."

"தெரியும். அதனாலதான் இன்னும் கைது பண்ணல. எங்க வீட்டுக்கும் வந்தாரு."

பயந்துபோன தெத்சுவோ புத்த பிக்குவை அழைத்து மந்திரம் ஓதச் சொன்னான். அப்பாவின் படம் இருந்த பூஜை அலமாரியை மூடிக் கயிற்றால் கட்டினான். ஓதி முடித்து வாசலுக்குப் போன பிக்கு, சட்டென்று ஓரமாக ஒதுங்கி யாருக்கோ வழிவிட்டார்.

"கிளம்பிட்டாரு" என்றார் வருத்தத்தோடு. "நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடியற வரைக்கும் இந்தப் போக்குவரத்தை நான் தடுக்க முடியாதுப்பா."

அதன் பிறகு அப்பா காலையிலும் கிளம்பினார், மாலையிலும் கிளம்பினார். அவர் ஏறாத வாசல் ஊரில் இல்லை.

தெத்சுவோவுக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை பாராட்டாத மனுஷன், செத்த பிறகு தனக்காகச் சேற்றில் அலைகிறாரே. கயிற்றை அவிழ்த்துவிட்டு, கண் கலங்க ஊதுபத்தி ஏற்றினான்.

தேர்தல் முடிந்தது. எதிர்த்து நின்ற தோஃபு கடைக்கார ஹதனோ அம்மாள் ஊரையே வாரிக்கொண்டு போய்விட்டார். தெத்சுவோவுக்கு டெபாசிட்டே போயிற்று. கஜி சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டார்.

ஆறுதல் சொல்லப் பேரிக்காய்க் கூடையோடு வந்தது இசோபேம்மா மட்டும்தான்.

"ஒரு வீடு விடாம வந்தாரேக்கா அப்பா" என்றான் தெத்சுவோ. "அப்புறமும் ஏன் யாரும் போடல?"

இசோபேம்மா பூஜை அலமாரியைப் பார்த்து ஒருமுறை குனிந்துவிட்டு, பழத்தை நறுக்கத் தொடங்கினார்.

"அவர் பேச்சைத் தட்ட முடியுமா தம்பி? தரையில நெத்தி முட்டக் கும்பிட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: 'எங்க வீட்டுல நான் ஒருத்தன் மேயரா இருந்து பண்ணினதே போதும், என் பையனுக்கு மட்டும் போட்டுடாதீங்க.'"