ஒன்பது ‘பி’யின் மகிழ்ச்சி விகிதம்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருவையாற்றுக்குக் கிழக்கே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மகிழ்ச்சி பூஜ்ஜியம் சதவீதம் என்று பதிவாயிற்று.

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் செய்த பெருஞ்செயல், மாணவர்களின் மகிழ்ச்சியை அளக்கும் செயலியைக் கண்டுபிடித்ததுதான். அதற்கு முன்பெல்லாம், பிள்ளைகள் சந்தோஷமாகப் படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அவர்களையே கேட்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் சொல்வதை எந்தப் படிவத்தில் ஏற்றுவது?

இதை ஆழமாக உணர்ந்தவர் தலைமையாசிரியர் மதிவாணன். ‘மகிழ்கற்றல் மேம்பாட்டுப் பிரிவு’ அனுப்பிய பதினெட்டுப் பக்கச் சுற்றறிக்கையை அவர் ஒரே மூச்சில் படித்தார். நடுவில் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. செயலி மாணவர்களைப் படம் பிடிக்கும். பல் தெரிந்தால் மகிழ்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரிந்தால் ‘மகிழ்ச்சிப் பள்ளி’ என்று சான்றிதழ். பாடம் திறந்தவெளியில் நடந்தால் கூடுதலாகப் பத்து மதிப்பெண். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுமுன் அந்தச் சான்றிதழைத் தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட வேண்டும் என்பது அவருடைய அடக்கமான ஆசை.

அறிவியல் ஆசிரியை சுடர்விழியைக் கூப்பிட்டனுப்பினார்.

“டீச்சர், பசங்கள வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, போங்க. அதிகாரி வர்ற அன்னிக்கு நானும் வர்றேன்.”

“அடுத்த வெள்ளிக்கிழமையோட இந்த முறைத் தண்ணிய நிறுத்திடுவாங்க சார். அதுக்குள்ள அளந்து முடிக்கணும்.”

“அளங்க. சிரிச்சுக்கிட்டே அளங்க.”

சுடர்விழியின் பாடம் எளிமையானது. வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் நிறையப் பாய்கிறது. கடைமடை வயலுக்குப் பாதிகூடப் போய்ச் சேருவதில்லை. மீதி எங்கே? கரையில் இருபது மீட்டர் கயிற்றை நீட்டி, ஒரு தென்னங்குரும்பையை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூங்கில் குச்சியை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். பிறகு பெருக்கிப் பார்க்க வேண்டும். நான்கு நாட்களாக ஒன்பது ‘பி’ சாப்பாட்டு மணியைக்கூடக் காதில் வாங்காமல் இதைச் செய்துகொண்டிருந்தது. மணியைக் காதில் வாங்காதது சுற்றறிக்கையின் எந்தப் பத்தியிலும் மகிழ்ச்சிக்கான அறிகுறியாகச் சேர்க்கப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் மணிவண்ணன் தேய்த்த சட்டையோடும் கைபேசியோடும், மதிவாணன் பின்தொடர, கரைக்கு வந்தார். அப்போது வகுப்பில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“நடுவுல யாரோ குடிக்கிறாங்க” என்றான் வெற்றிசெல்வன். கடைமடையில் காய்வது அவன் அப்பாவின் வயல். “உங்க வயலாத்தான் இருக்கும்.”

“எங்க வயலு என்ன ஒட்டகமாடா?” என்றாள் சுமையா. அவள் வீட்டார் குத்தகைக்கு எடுத்திருப்பது தலைமடையில். “ஒழுங்கா நேரத்தப் பாரு. போன தடவ நாலு செகண்ட் தின்னுட்ட.”

மணிவண்ணன் செயலியை நீட்டினார். மொத்தம் முப்பத்து நான்கு பேர். கோபம் 11. துயரம் 9. பயம் 2. மீதிப் பன்னிரண்டு பேர் தண்ணீரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததால் ‘முகம் இல்லை’.

“சார், உங்க பசங்க ரொம்பத் துயரத்துல இருக்காங்க” என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், நிழல் விழுது” என்றாள் சுமையா.

மதிவாணன் பதறிப்போய் முன்னே வந்தார். கண்டிக்கத்தான் வந்தார். அதற்குள் யாரோ கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் திணித்துவிட்டார்கள். குரும்பை கிளம்பியது. அவரையும் அறியாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். முப்பத்தெட்டு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பதினொரு மணித் தேநீர் நினைவுக்கு வரவில்லை. இது பெரிய பலவீனம் என்பதால் அவர் உடனே சுதாரித்துக்கொண்டு நுனியைக் கீழே போட்டார்.

“எல்லாரும் வரிசையா நில்லுங்க! சிரிங்க!”

நின்றார்கள். பல்வலிக்காரர்களைப் போல் சிரித்தார்கள். செயலி ஏமாறவில்லை.

“செஞ்சு காட்டினாத்தான் வரும்” என்றார் மணிவண்ணன். கைபேசியை மதிவாணனிடம் கொடுத்தார். “பசங்க பக்கமாவே புடிச்சுக்கிட்டிருங்க. சிரிப்பு வந்தா அதுவே எடுத்துக்கும். தம்பிங்களா, பாப்பாங்களா, என்னப் பாருங்க. உதடு விரியணும். கண்ணும் சேந்து சிரிக்கணும்.”

கண்ணும் சேர்ந்து சிரிப்பதற்காக ஓர் அடி பின்னால் வைத்தார். அங்கே கரை இல்லை.

தண்ணீர் இடுப்பளவுதான். தோளில் ஆகாயத்தாமரையோடு எழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, அதிகாரி அல்லவா? ஆனால் அவர் கரையேற முயன்றபோது ஒரு கால் வரவில்லை.

“ஐயோ, கால இழுக்குது!”

“சார், நகராதீங்க!” சுமையா கரையோரம் மண்டியிட்டாள். “எந்தப் பக்கம் இழுக்குது?”

“பக்கவாட்டுலம்மா! ஏதோ குழாய் மாதிரி...”

வெற்றிசெல்வன் கத்தினான்: “கெடச்சிருச்சு! டீச்சர், கெடச்சிருச்சு! இங்கதான் குடிக்கிறாங்க!”

முப்பத்து நான்கு பேரும் குதித்தார்கள். எலியும் பூனையுமாக இருந்த இருவரும் கைதட்டிக்கொண்டார்கள். சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதிவாணன் கையிலிருந்த கைபேசி ‘டிங்’ என்றது. மகிழ்ச்சி: 34க்கு 34.

“நாளைக்குக் குழாய் வாய அளந்துடலாம் டீச்சர்” என்றாள் சுமையா, அதிகாரியின் செருப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டே.

நாளைக்கு என்பது வரவில்லை. அன்று மாலையே, வாய்க்கால் பக்கம் எந்த வகுப்பும் போகக்கூடாது என்று மேலிடத்திலிருந்து தொலைபேசியில் உத்தரவு வந்தது. வியாழக்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ‘மகிழ்ச்சிப் பள்ளி’ சான்றிதழ். மகிழ்ச்சிக்குக் காரணம் என்ற இடத்தில் ‘அலுவலரின் புன்னகைச் செயல்விளக்கம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மற்றது, மாணவர்களை ஆபத்தான நீர்நிலைக்கு அழைத்துச் செல்ல அனுமதித்தவர் யார் என்று இருபத்து நான்கு மணி நேரத்தில் விளக்கம் கேட்டது. குழாய் யாருடையது என்று இரண்டு கடிதங்களும் கேட்கவில்லை.

சுடர்விழி இரண்டாவதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “நீங்கதானே சார் போகச் சொன்னீங்க?”

“சொன்னேன்தான்மா. இல்லைன்னா சொல்றேன்?” மதிவாணனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “எழுத்துல சொல்லலையே.”

“நீங்களும் கயிறு புடிச்சீங்களே சார்.”

“போட்டோவுல நான் இல்லம்மா.”

முப்பத்தோராண்டு அனுபவம் உள்ள ஒருவரால்தான் அப்படியொரு விளக்கத்தை எழுத முடியும். அடித்தல் திருத்தல் இல்லை, ஒரே வரி. ‘மேற்படி வகுப்பு வாய்க்காலுக்குச் சென்றது தலைமையாசிரியருக்குத் தெரியாது.’ அதன் கீழே தலைமையாசிரியர் கையெழுத்திட்டு, பச்சை மையில் தேதி போட்டு, முத்திரை வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை சுடர்விழி, ‘நிர்வாக நலன் கருதி’, வேதாரண்யத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் பணியில் சேர்ந்தார். ஒன்பது ‘பி’க்கு வேறு அறிவியல் ஆசிரியர் வரவில்லை. கடைமடைக்குத் தண்ணீரும் வரவில்லை.