கறுப்புக் கோட்டு பேண்டு

மாலை நான்கு பத்து. கரையான்சாவடியில் எங்கள் தெரு முனையில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் கோட்டு. பின்னால் இன்னும் எட்டு, டிரம்பெட்டும் டிரம்முமாக, தலையைக் குனிந்து மெதுவாக வந்தன. ஐந்து மணிக்குப் பூந்தமல்லி தேவாலயத்தில் அக்காவுக்குக் கல்யாணம்.

அப்பா என்னிடம் ஒப்படைத்த ஒரே வேலை பேண்டு செட். (மற்றதெல்லாம் நம்பிக்கையானவர்களிடம் இருந்தது.) தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்குப் புதிதாகப் போன் வந்திருந்தது. கடைகளையும் தொழில்களையும் வகைவகையாகப் பிரித்துப் போட்ட மஞ்சள் டைரக்டரியைப் புரட்டினேன். பேண்டு வாத்தியப் பகுதியில் ஒரு விளம்பரத்தில் மட்டும் சிலுவைப் படம். நம்ம ஆட்கள் என்று அதையே பிடித்தேன். கீழே ‘இரவு பகல் எந்நேரமும் உடனே வருவோம்’ என்றிருந்தது. நள்ளிரவில் யார் கல்யாணம் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போனில் விலாசமும் நேரமும்தான் கேட்டார்கள். நானும் அவ்வளவுதான் சொன்னேன்.

வாசலில் வாழைமரத்தைப் பார்த்ததும் பேண்டு மாஸ்டர் நின்றுவிட்டார்.

“இன்னா நைனா, கல்யாணமா? சொல்லவேயில்லியே நீ!”

“ஏண்ணே, கல்யாணப் பாட்டு வாசிக்க மாட்டீங்களா?”

“கல்லறைக்கு வாசிக்கிறவங்க நைனா நாங்க. அந்தப் பாட்டுதான் தெரியும்.” என் முகத்தைப் பார்த்து இரங்கினார். “ஓணும்னா கொஞ்சம் வேகமா வாசிச்சுகினு வர்றோம்.”

எங்கள் தெரு முடியும்வரை வேகம் இருந்தது. பெரிய சாலைக்கு வந்ததும் பழக்கம் ஜெயித்துவிட்டது. பாட்டு ஊர்ந்தது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். கடைக்காரர் ஒருவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். நான் முன்னும் பின்னும் ஓடி, “வேகமாண்ணே, வேகமா” என்று கெஞ்சினேன்.

பின்னால் வந்த காருக்குள்ளிருந்து அக்கா, “டேய், நான் இறங்குனேன்னு வை, அடுத்து உனக்குத்தான் வாசிப்பாங்க!” என்றாள்.

தேவாலய வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் சிலுவை போட்டு, “யாரு தவறிட்டாங்க?” என்றார். பேண்டுக்குப் பின்னால் பூ சுற்றிய கார் வந்து நின்றது. அவர் முகம் மாறியது. “இது சரியில்லீங்க. இன்னிக்கு வேணாம், தேதிய மாத்துங்க.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை காருக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா பூங்கொத்தால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். சிரிப்பு. அது அவருக்கும் ஒட்டிக்கொண்டது. “உள்ள வாம்மா, ஃபாதர் காத்துக்கினு இருக்காரு” என்று தன் அம்மாவின் கையைப் பிடித்தார். போகிற போக்கில் என்னிடம், “மச்சான், திரும்பும்போது மட்டும் பேண்டு வேணாம்.”

இன்றும் நான் போனை எடுத்தால் அக்காவைக் கட்டிய மாமா கேட்பார்: “என்ன விசேஷம்னு சொல்லிட்டியா மச்சான்?”

கல்யாண வீடியோவில் வீட்டிலிருந்து தேவாலயம் வரை ஒலி இல்லை.