கரண்ட் இல்லாத நாளில் பால்துரை விளக்கு மாட்டினார்

'இதுக்கெல்லாமா ஆள் கூப்பிடுவாங்க?' என்று கேட்கிற மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். குழாய் சொட்டினால் இவர்தான் பார்ப்பார், கதவு கிறீச்சிட்டால் இவர்தான் பார்ப்பார், மிக்ஸி மூச்சை நிறுத்திவிட்டால் அதன் வயிற்றைப் பிளந்து எல்லா உறுப்பையும் பேப்பரில் பரப்பி வைத்து இவர்தான் பார்ப்பார். குழாய் அதற்குப் பிறகும் சொட்டும். மிக்ஸி அதற்குப் பிறகு முனகக்கூடச் செய்யாது. இருக்கட்டுமே! ஆள் கூப்பிடவில்லை அல்லவா?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். அதால் முதுகு சொறிவார், பெயிண்ட் டப்பா திறப்பார், ஊறுகாய் பாட்டிலின் மூடியை நெம்புவார், பேச்சு சூடுபிடித்தால் எதிரே இருப்பவரின் நெஞ்சுக்கு நேராக நீட்டி ஆட்டுவார். கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் அதை வைத்துப் பார்க்கமாட்டார். பார்த்தாலும் பயனில்லை, உள்ளே இருக்கிற குட்டி பல்பு என்றைக்கோ போய்விட்டது.

ராஜபாளையத்தில் நூல் மில் ஆபீஸ் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் பால்துரை இந்த இனத்தில் முதல் தரம். அவருக்கு வாழ்க்கைப்பட்ட அமிர்தவல்லியோ, கல்யாணமான நாளிலிருந்து அவர் ஏறும் ஸ்டூலையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்பவள்.

அவர்கள் வீட்டு ஹாலின் நடுவில், வீடு கட்டும்போதே விட்டுவைத்த ஒரு இடம் உண்டு. கூரையில் ஒரு வட்ட மூடி, அதற்குள் இரண்டு ஒயர்கள், நுனிகளில் கறுப்பு டேப். சுவரில் அதற்கென்று தனிச் சுவிட்சும் உண்டு. 'சாண்ட்லியர் பாயிண்ட்' என்று பெயர் மட்டும் இருந்ததே தவிர சாண்ட்லியர் வந்தபாடில்லை. இந்தப் பங்குனியில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது என்று முடிவானதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, மூன்று கண்ணாடிக் குடை வைத்த தொங்கு விளக்கு ஒன்றைப் பால்துரை வாங்கி வந்துவிட்டார்.

"எலக்ட்ரீசியன் பாண்டிதுரைக்கு ஒரு போனப் போடுங்க. அந்தத் தம்பி வந்து செத்த நேரத்துல மாட்டிட்டுப் போயிரும்" என்றாள் அமிர்தவல்லி.

"பாண்டிதுரையா? அவன் மாட்டுனா அது அவன் மாட்டுன லைட்டு. ஜெபத்துக்கு வாரவங்க கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"அப்பம் மெயினையாவது அமத்திட்டு ஏறுங்க."

"மெயின அமத்துனா ஃப்ரிட்ஜு என்னத்துக்கு ஆகும்? மீன் என்னத்துக்கு ஆகும்? அதுக்கெல்லாம் ஒரு வழி வச்சிருக்கேன்ட்டி."

வழி பேப்பரில் வந்திருந்தது. பராமரிப்புப் பணிக்காகப் புதன்கிழமை பகல் முழுக்க மின்தடை. ஜெபக்கூட்டமும் அன்று மாலைதான். ராஜபாளையம், தளவாய்புரம் என்று ஊர்ப் பெயர்களைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் ராகத்தோடு வாசித்து முடித்த பால்துரை, டெஸ்டரை எடுத்து அவளை நோக்கி நீட்டினார். "ஊருக்கே கரண்ட் கிடையாது. ஈ.பி.காரனே நமக்காக அமத்தித் தாரான். இதுக்கு மேல என்ன சேஃப்டி வேணும் ஒனக்கு?"

அமிர்தவல்லி யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. எப்போதாவது அபூர்வமாக அப்படி நடந்துவிடுகிறது, அப்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் சொன்னபடியே கரண்ட் போனது. டைனிங் மேஜை ஹாலின் நடுவுக்கு வந்தது, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஏறியது, அதன் மேல் பால்துரை ஏறினார். விளக்குப் பெட்டிக்குள் இருந்த வழிமுறைத் தாள் மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டது. ஏறும் முன் சுவரில் இருந்த அந்தத் தனிச் சுவிட்சை மறக்காமல் போட்டு வைத்தார். ஆமாம், போட்டுத்தான் வைத்தார். கரண்ட் திரும்பி வருகிற நொடியிலேயே விளக்கு தானாகப் பளிச்சென்று எரிய வேண்டாமா? ஓடிப்போய் சுவிட்சைத் தட்டி எரிய வைப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

மூடியைத் திருகிக் கழற்றினார். ஒயர்களை வெளியே இழுத்தார். டேப் பல வருஷத்துப் பிசின், இளகுவதாக இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது.

"ஏட்டி அமிர்தம், கண்ணெல்லாம் வேர்வை. எம்புட்டு நேரந்தான் புழுங்கிச் சாக? அந்த ஓரத்து ஃபேனப் போடு."

போட்டாள். ஹாலின் அந்தக் கோடியில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, காற்று வந்தது, "ஆங், இப்பம்தான் உசுரு வருது" என்றார் பால்துரை. அமிர்தவல்லி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படியைப் பார்க்க நடந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

கரண்ட் இல்லாத வீட்டில் ஃபேன் எப்படிச் சுற்றுகிறது?

போன கோடையில், கிருஷ்ணன்கோவிலில் கல்லூரியில் வேலை பார்க்கும் மகள் கேத்ரின் வாங்கிக் கொடுத்த இன்வெர்ட்டர் படுக்கையறை மூலையில் இருக்கிறது. கரண்ட் போனால் கண்ணிமைக்கும் முன்னால் ஃபேனையும், சாண்ட்லியர் பாயிண்ட் உட்பட எல்லா லைட்டையும் அது எடுத்துக்கொள்ளும். அவ்வளவு சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வதால் அப்படி ஒன்று இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. பால்துரையின் கணக்கில் அது கரண்ட்டிலேயே சேராது, அது பேட்டரி.

திரும்பிப் பார்த்தாள். பால்துரை ஒரு ஒயரை வாய்க்கருகில் கொண்டுபோய், டேப்பின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார். திரும்பினால் நாற்காலி சரியும். அமிர்தவல்லி கத்தவில்லை. படுக்கையறைக்கு ஓடினாள். உடைந்த மிக்ஸி, சொட்டுகிற குழாய், அவர் மேல் சேர்த்துவைத்திருந்த கோபம் எதுவும் அப்போது அவளுக்கு ஞாபகமில்லை. இந்த மனுசன் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்கிற பயம் மட்டும்தான் இருந்தது. இன்வெர்ட்டரின் பொத்தானை அமுக்கினாள். ஹாலில் ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அடுத்த சத்தம் என்னவாக இருக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி! ஃபேன எதுக்கு நிப்பாட்டுன?"

அந்தக் குரல் அதற்கு முன் ஒருநாளும் அவளுக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

"பேட்டரி தீந்துட்டு போலங்க!" என்று சொல்லிவிட்டு, கரண்ட் எந்த நேரமும் வரலாம் என்று மெயினையும் கீழே தள்ளினாள். தள்ளிவிட்டு அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டாள். அங்கே ஹாலில் பால்துரை இரண்டு செம்புக் கம்பிகளையும் வெறும் விரலால் முறுக்கியபடி, ஞானப்பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் அடுத்த வீட்டு மிக்ஸி சத்தம் கேட்டது. தெருவுக்கே கரண்ட் வந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற பால்துரையின் கை மெல்லக் கீழே இறங்கியது. "ஒயர மாத்திக் குடுத்துட்டனோ..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அமிர்தவல்லி அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். அவர் இன்னும் கொஞ்சம் முழிக்கட்டும் என்று நினைத்தாள். அந்த அளவுக்காவது அவளுக்கு உரிமை உண்டு. பிறகு போய் மெயினைத் தூக்கினாள். மூன்று குடையும் பளிச்சென்று எரிந்தன.

"பாத்தியா?" என்றார் பால்துரை.

மாலையில் ஹால் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து, தேவன் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் முதல் ஆளாக பால்துரை எழுந்தார். தேவன் தமக்கு அருளிய ஞானத்தைப் பற்றியும், ஷட்டவுன் நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்ட சூட்சுமத்தைப் பற்றியும், பாண்டிதுரையைக் கூப்பிடாததைப் பற்றியும் விரிவாகச் சாட்சி சொன்னார். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு சோணைமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, இது நல்ல யோசனையால்லா இருக்கு! எங்க மாடியிலயும் ஒரு பாயிண்ட் சும்மா கெடக்கு. அடுத்த ஷட்டவுனுக்கு நானும் ஏறிருதேன்."

பக்கத்தில் அவர் மனைவி சிவரஞ்சனி பூரிப்போடு சிரித்தாள். அமிர்தவல்லிக்குப் பகீரென்றது. காலையில் நடந்ததைக் கடைசிவரை வாய் திறந்து சொல்வதில்லை, மனுசன் பெருமையோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் சோணைமுத்து வீட்டிலும் ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது, இவர்கள் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். அங்கே வேர்க்கும்போது ஃபேனைப் போடப் போவது இந்தச் சிவரஞ்சனிதான். அமிர்தவல்லி எழுந்தாள்.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு, ஐயா."

ஃபேனைப் போட்டது, பாதி வழியில் நின்றது, இன்வெர்ட்டரை நிறுத்த ஓடியது, எதையும் விடாமல் சொன்னாள். கடைசியில், "இன்னைக்கு இவிய எனக்கு இருக்கது கர்த்தர் போட்ட பிச்சை" என்று சொல்லி உட்கார்ந்தாள். எல்லோரும் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள். ஜெபத்தை நடத்த வந்திருந்த குருவானவர் விளக்குக்கு நேர் கீழே இருந்த தம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பால்துரை தொண்டையைச் செருமினார். டெஸ்டரை எடுத்துச் சோணைமுத்துவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன், சோணைமுத்து. மொதல்ல இன்வெர்ட்டர அமத்தணும், அதோட மெயின அமத்தணும், பொறவு நல்ல டெஸ்டரா வச்சுப் பாக்கணும். இதெல்லாம் அடிப்படை. தெரியாம ஏறப்படாது."

நீட்டிய டெஸ்டரின் நுனி நடுங்கிக்கொண்டிருந்ததை அமிர்தவல்லி பார்த்தாள். காப்பி எடுக்க உள்ளே போனாள்.

பால்துரையைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அவர் ஃபேனைப் போடச் சொன்னாரே, அந்த இடத்திலேயே உங்களுக்குச் சுருக்கென்றதா? அல்லது அமிர்தவல்லி பாதி வழியில் நின்ற பிறகுதானா? பிறகுதான் என்றால், தலைக்கு மேல் எரிகிற விளக்கைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். அதை மாட்டிய அன்றைக்கு உங்கள் வீட்டிலும் காரணம் சொல்லாமல் யாராவது ஃபேனை நிறுத்தினார்களா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.