மேனேஜரிடம் தோற்க முடியாமல் போனது பற்றி

அன்புள்ள மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை. அங்கே நீங்களும் உங்கள் தங்கையும் சின்னவளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே என் கதை முடிந்தது.

நான் உங்களிடம் கேட்டது என்ன? எதிராளிகள் லீவில் போனதால் ஆபீஸ் செஸ் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்ட எனக்கு, மேனேஜரிடம் கௌரவமாகத் தோற்க ஒரு வழி. அவர் ஆறு வருஷமாக சாம்பியன். ஊருக்கு மாற்றல் கேட்டு நான் போட்ட விண்ணப்பம் இரண்டு வருஷமாக அவர் மேஜையில் தண்ணீர் டம்ளருக்கு அடியில் கிடக்கிறது. நீங்கள்தான் போனில், "கறுப்புக் காய்தானே உங்களுக்கு, பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடுங்க மாப்ளே, சிப்பாய்ங்க சுவர் மாதிரி நிப்பாங்க, உங்க மந்திரி ஒருத்தன் அந்தச் சுவருக்குப் பின்னாலயே மாட்டிக்குவான், மூச்சு முட்டித் தோத்துடலாம்" என்றீர்கள்.

மந்திரி மாட்டினது வாஸ்தவம். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கே அழுகை வந்தது, ரெண்டு வருஷமா நான் இருக்கிற இருப்பு அதுதானே. ஆனா சுவர் இடியலையே மச்சான். மேனேஜர் குதிரையை விட்டு முட்டினார், ராணியை விட்டு முட்டினார், ஒண்ணும் நடக்கலை. சரி, நாமே வழிவிடுவோம்னு என் யானையைக் கொண்டுபோய் அவர் ராணி முன்னால சும்மா வெச்சேன். வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே? மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சிட்டு, "இதுல ஏதோ சூது இருக்கு"ன்னார். "இல்ல சார், வெட்டுங்க சார்"னேன். சந்தேகம் இன்னும் கூடிடுச்சு. இருபது நிமிஷம் யோசிச்சார். அவர் கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்தது. நான் இருமினேன், கண்ணால காட்டினேன், நடுவரா உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அக்கா என்னை முறைச்சாங்க. கடைசியில அவங்களே, "நேரம் முடிஞ்சுது, கறுப்பு ஜெயிச்சுது"ன்னு சொல்லிட்டாங்க. யாரும் கைதட்டலை.

கோப்பை என் மேஜையில இருக்கு, பார்த்தாலே வயிறு எரியுது. போன வாரம் போன்ல சின்னவள், "யாரு பேசுறது?"ன்னு கேட்டா. அப்பான்னு சொன்னதுக்கு, "எந்த அப்பா?"ன்னா. இனி நான் ஓய்வு பெற்றுத்தான் ஊர் திரும்புவேன். நீங்க நல்லா இருங்க மச்சான், உங்க யோசனைகளும் நல்லா இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்களால் ஜெயித்த மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியபோது மேனேஜர் கூப்பிட்டார். டம்ளரை நகர்த்தி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "அடுத்த வருஷப் போட்டி நடக்கும்போது நீங்க இந்த ஆபீஸ்ல இருக்கக்கூடாது" என்றார். ஆகவே மேலே திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நான் யார் என்று சின்னவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.