ஹரிராமின் பெரிய பெட்டி

திருநகர் கல்யாண வரவேற்பு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கனகலட்சுமி தன் கணவனிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். இரண்டு மணி நேரம் மேடையில் அவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது; அதிலிருந்து சத்தம் ஏதாவது வருமா என்று.

ஹரிராமுக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

வெங்கட்ரமணனின் மெல்லிசைக் குழுவில் மூன்று வருடமாகப் பேஸ் கிட்டார் வாசிப்பவன் அவன். பகலில் தபாலாபீஸில் முத்திரை குத்தினாலும் தாளம் தப்பாமல்தான் குத்துவான். ஆனால் குழுவில் இருந்தது ஒரே ஆம்ப்ளிஃபயர். அதில் லீட் கிட்டாரோடு அவன் ஒட்டுக்குடித்தனம். லீட் கிட்டார் வாய் திறந்தால் அவன் இருப்பதே தெரியாது.

மறுநாளே பழங்காநத்தத்தில் மைக்செட் கடை வைத்திருந்த சோணையிடம் போனான். சோணை ஒரு குழாய் ஸ்பீக்கரை இணைத்துக் கொடுத்தான். அடுத்த கச்சேரியில் பேஸ் கேட்டது, தகர டப்பாவில் தவளையைப் பிடித்துப் போட்ட மாதிரி. பாடிக்கொண்டிருந்த ஸ்யாமளா சிரிப்பை அடக்கமுடியாமல் ஒரு சரணத்தையே விட்டுவிட்டாள்.

அதற்கடுத்து ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தார். இரண்டாவது பாட்டில் அதிலிருந்து புகை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள். வெங்கட்ரமணன் தட்டவில்லை.

"இந்தச் சத்தம் காத்தைத் தள்ளிக்கிட்டு வரணும்ணே," என்றான் சோணை. "அம்புட்டுப் பெரிய ஸ்பீக்கரா பாப்போம்."

மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் கிடைத்தன. சோணை தேக்குப் பலகையில் பெட்டி கட்டினான். அது பீரோ அளவுக்கு வந்து நின்றது.

ஒத்திகையில் ஹரிராம் தடித்த கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினான். மாடிவீட்டு அலமாரியிலிருந்த எவர்சில்வர் பாத்திரம் அத்தனையும் தரைக்கு இறங்கின. ஹரிராமின் கண் கலங்கியது. மூன்று வருடமாக அவன் மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது.

வெங்கட்ரமணன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு ஹரி," என்றார். "ஆனா இதைத் தூக்கிட்டுப் போனா எந்த மண்டபத்துலயும் நம்மளைச் சேர்க்கமாட்டாங்க. திருவாதவூர்ல வெட்டவெளி. அங்கேயும் சரிவரலைன்னா நீங்க தபாலாபீஸோட இருந்துக்குங்க."

திருவாதவூரில் கோயில் திருவிழாவுக்கு சாயங்காலக் கச்சேரி. களத்தில் பலகை மேடை போட்டிருந்தார்கள். பெட்டியை ஏற்றியதும் மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. ஆகவே பெட்டியைக் கீழே இறக்கி, களத்தோரம் ஆளுயரத்துக்குக் குவித்திருந்த வைக்கோல் படப்பை ஒட்டி வைத்தார்கள். வயர் எட்டாததால் ஹரிராமும் கீழேயே நின்றான்.

முதல் பாட்டில் நாலைந்து பேர் எழுந்து அவன் பக்கம் வந்தார்கள். மூன்றாவது பாட்டில் பாதி ஊர் வந்துவிட்டது. படப்புக்கு அந்தப் பக்கம் கையில் கம்போடு சுற்றி நின்றது. அவன் கீழ் ஸ்வரத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு ஆரவாரம்; கூடவே தரையில் கம்பால் தாளம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உற்சாகமான தாளம். ஸ்யாமளா காலி ஜமக்காளத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

பேயாண்டி என்ற விவசாயி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "அந்தத் தடிக் கம்பியவே அடிங்கண்ணே. அதுதான் நல்லா இருக்கு."

பேஸ் வாசிப்பவனிடம் ஒருவர் வந்து நேயர் விருப்பம் கேட்பதா? ஹரிராம் உயிரைக் கொடுத்து வாசித்தான். விரல் நுனி கன்றியது கூடத் தெரியவில்லை.

கச்சேரி முடிந்ததும் வெங்கட்ரமணன் கீழே இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடக் கச்சேரியில், பாடகியை விட்டுவிட்டு ஜனம் பேஸ் கேட்கப் போனதை அவர் பார்த்ததில்லையாம். இனி எங்கே போனாலும் பெட்டி வரும் என்றார். கச்சேரி பார்க்க வந்திருந்த கனகலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இனிமேல் அந்தச் சந்தேகம் கேட்கமாட்டேன் என்றாள். கோயிலில் சத்தியம் பண்ணுகிற முகம் அவளுக்கு.

பேயாண்டி பெரிய சாமந்தி மாலையோடு வந்தார். ஹரிராம் கழுத்தை நீட்டினான். அவர் அதைப் பெட்டிக்குச் சாத்திவிட்டுக் கைகூப்பினார்.

"அடுத்த வருசம் பாட்டுக்காரவுக வராட்டியும் நீங்க கட்டாயம் வரணும்ணே; மருந்து வச்சும், பொகை போட்டும் அசையாம கெடந்ததுக, இன்னிக்கு ஒரே சாயங்காலத்துல படப்ப விட்டு வெளிய வந்ததுல நாங்க அடிச்சது நாப்பத்தேழு எலி."